சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து

வா, உள்ளே வா. செருப்பை வாசலில் விடாதே, உள்ளேயே கழற்றிப் போடு. எதிர்வீட்டு நாய்க்குச் செருப்பென்றால் உயிர். போன தடவை உங்கள் லேபிலிருந்து வந்த பெண் ஒற்றைச் செருப்போடு ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போனாள், பாவம்.

சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கத்தானே வந்திருக்கிறாய்? தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. வெறும் வயிற்றில் ஒரு டியூப், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டியூப். உன் பெயர் என்ன? முத்து அபிநயாவா. நல்ல பெயர்தான். முன்பாதி ஊருக்கு, பின்பாதி டிவிக்கு. சிரிக்கலாம், சிரிப்பதற்காகத்தான் சொன்னேன்.

இடது கையில் எடு. வலது கை நரம்பு வழுக்கும். பட்டையை இன்னும் கொஞ்சம் மேலே கட்டு. பயப்படாதே, பிள்ளை. எனக்கு வலிக்காது. முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களைக் குத்தியவள் நான். ம். வந்துவிட்டது பார். சாம்பல் மூடி டியூபில்தானே விட்டாய்? சரி. பெயரை இப்போதே எழுது, என் கண் முன்னால். அப்புறம் எழுதலாம் என்று பையில் போடப் போகிறாயே, தப்பு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். பாக்கியலீலா, வயது எழுபத்தாறு. நேரம் ஏழு பத்து. நானும் இந்தத் தாளில் குறித்துக்கொள்கிறேன். என் பேனா எங்கே? இதோ.

அப்புறம், அவள் ஏதாவது கொடுத்து அனுப்பினாளா? செண்பகவல்லிதான், உங்கள் மேடம். ஒரு கவர், கடிதம், அந்த மாதிரி?

இல்லையா. பையில் சரியாகப் பார்த்தாயா?

சரி. இல்லையென்றால் இல்லை. அதற்கு ஏன் உன் முகம் அப்படிப் போகிறது? கேட்கத்தான் கேட்டேன்.

சாப்பிடுகிறேன், சாப்பிடுகிறேன். சமைக்கிற பெண் ஆறு மணிக்கே வந்து இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது எங்கும் ஓடிவிடாது. நான் முதல் வாய் வைத்த பிறகுதானே உன் இரண்டு மணி நேரம் தொடங்கும்? உனக்கு வேறு வீடு இருந்தால் போய்விட்டு வா. இல்லையா? இன்றைக்கு இந்த ஒரு வீடுதானா? "மேடம் வீட்லயே இருந்து ரெண்டாவது டியூபையும் எடுத்துட்டு வா"ன்னா அனுப்பினாள்? விசித்திரம்தான். என் காலத்தில் ஒருத்தி ஒரு காலை வேளையில் ஏழு வீடு போய்விட்டு வருவாள்.

உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இந்த மேசைக்கு ஆறு நாற்காலி. ஒன்றில்தான் ஆள் உட்காருகிறது. மற்ற ஐந்தும் எப்படி ஆடத் தொடங்கின என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கவரை ஏன் கேட்டேன் என்றால், வெள்ளிக்கிழமை உங்கள் லேபுக்கு ஐம்பது வயது நிறைகிறது இல்லையா? பெரிய டாக்டர் வருகிறாராம், ஷாமியானா போடுகிறார்களாம், எல்லாருக்கும் சாப்பாடாம். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்மசி சாமிதாஸ் சொன்னார். "உங்களுக்கு முதல் அழைப்பிதழ் வந்திருக்குமே மேடம்" என்றார். "வந்தது, வந்தது" என்றேன். கர்த்தருடைய வீட்டில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். பார்த்துக்கொள்.

அந்த லேபைத் தொடங்கியதே நான்தான். எழுபத்தைந்தில். வேதியியல் படித்துவிட்டு, ஒரு வருஷம் வேலூரில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தேன். எனக்கு இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு மைக்ராஸ்கோப். ரத்தம் சுழற்றுகிற மெஷினைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக வேகம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு நிற்கும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு வேலை முடிந்ததற்கு அது அடையாளம். இப்போது உள்ள மெஷின் நிற்கும்போது 'பீப்' என்கிறதாமே.

தண்ணீர் வேண்டுமா? பையை ஏன் அடிக்கடி திறந்து பார்க்கிறாய்? ஏதாவது தொலைந்துவிட்டதா? இல்லையா. சரி.

நான் யாரையும் திட்டியதே இல்லை. அதை முதலில் தெரிந்துகொள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருவரைக்கூட ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. மற்ற வார்டுகளில் போய்க் கேட்டிருக்கிறாயா? ஆபரேஷன் தியேட்டரில் கிழிகிழி என்று கிழிப்பார்கள். எங்கள் லேபில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் பேசுவதே இப்படித்தான், இப்போது உன்னிடம் பேசுகிறேனே, இதே மாதிரி. செண்பகவல்லி சேர்ந்த புதிதில் சொல்வாள், "மேடம் பேசினா அப்படியே அடிக்கோடு போட்டு வச்சுக்கலாம் போல இருக்கு"ன்னு. கோவில்பட்டிப் பெண். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் கை, அடடா, அப்படி ஒரு கை. பச்சைக் குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். குழந்தை அழ மறந்துவிடும்.

அவள் தொண்ணூற்றேழில் வந்தாள். இருபத்திரண்டு வயது. சேர்ந்த அன்றைக்கே நோட்டை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என்ன நோட்டா? தவறு நோட்டு. நீளமான நோட்டு, சிவப்பு முதுகு. அது நான் கொண்டுவந்த ஏற்பாடு. யார் தவறு செய்தாலும் மறுநாள் காலை எட்டு மணிக்கு எல்லார் முன்னாலும் நின்று, தன் கையாலேயே அதை எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட வேண்டும். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். முடிந்ததும் என் பேனாவின் மூடியை எடுத்து மூடுவேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். டிக் என்று ஒரு சத்தம். அன்று முழுவதும் அந்த ஆளிடம் பேசமாட்டேன்.

தண்டனை இல்லை அது. அவர்கள் யோசிக்க வேண்டாமா? யோசிக்க அமைதி வேண்டாமா? நான் அமைதியைக் கொடுத்தேன்.

மணியா? ஏழே முக்கால். சாப்பிடலாம். ஒன்றும் மயக்கம் வராது. இந்த உடம்பு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரமாவது வருஷம், ஐப்பசி மழை. காய்ச்சல் காலம். அந்த மழையை நீ பார்த்திருக்கமாட்டாய், பிறந்தே இருக்கமாட்டாய். ஆற்றுப் பாலத்தில் தண்ணீர் முட்டி ஓடுகிறது, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரித்து நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு டியூப். ஆண்கள் வார்டில் இரண்டு சுடலைமுத்து. நம் ஊரைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, ஒரு தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இந்த இரண்டு பேருக்கும் அப்பா பெயரும் ஒன்று, இசக்கி. ஒருவருக்கு ரத்தத்தில் தட்டணு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவருக்கு ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல். செண்பகவல்லி இரண்டு டியூபையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து லேபில் வைத்துப் பெயர் எழுதியிருக்கிறாள். ரிப்போர்ட் மாறிவிட்டது. தட்டணு இறங்குகிற ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாதவர் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருக்கிறார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், நான் நியாயமாகப் பேசுகிறவள். மறுநாள் காலை அவளே வந்து சொன்னாள். தலையில் மழைத் தண்ணீர் சொட்டுகிறது. "மேடம், நான் ரெண்டு சுடலைமுத்தையும் மாத்திட்டேன் மேடம், நைட்டெல்லாம் அந்த ரெண்டு எண்ணும் எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு." அவள் சொன்னதால்தான் ஆம்புலன்ஸ் போனது. ஏதோ குளத்தங்கரை ஊர், ரோடு முழுக்கத் தண்ணீர். டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். எட்டு நாள் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். ஒரு நாள் பிந்தியிருந்தால் முடிந்திருக்கும் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

அவள் நோட்டில் எழுதினாள். நன்றாக எழுதினாள், ஒன்றையும் மறைக்கவில்லை. வாசித்தாள். நான் பேனாவை மூடினேன்.

அந்தத் தவறு ஒரு நாள் அமைதிக்குப் போதுமா, நீயே சொல். ஓர் உயிர். பதினொரு நாள் நான் அவளோடு பேசவில்லை. மற்றவர்களைப் பேசாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. கர்த்தருக்குத் தெரியும். அவர்களாகத்தான் பேசவில்லை. லேபில் அவளோடு சேர்த்து ஆறு பேர்; எல்லாரும் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள், என் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். அப்படிப் பழகிவிட்டது. மத்தியானம் எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பதினொரு நாளும் அவள் தன் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவாள். மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் உண்டு. நான் ஒரு நாள் ஏதோ எடுக்கக் கதவைத் திறந்தேன். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாயில் வைக்கவில்லை. நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். சத்தம் கேட்காமல் சாத்தினேன். அவளுக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது பார்.

பதினொன்றாவது நாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "மேடம், ஒரே ஒரு வார்த்தை திட்டிருங்க மேடம். சத்தமா திட்டிருங்க. என்னால முடியல" என்றாள்.

"நான் யாரையும் திட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியாதா?" என்றேன்.

அது பேச்சாகிவிட்டது இல்லையா? நான் பேசிவிட்டேன். அதனால் அன்று மத்தியானம் எல்லாரும் பேசினார்கள். அவளும் மேசைக்கு வந்தாள். முடிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகு என்ன ஆனது தெரியுமா? அதுதான் நான் சொல்ல வந்தது. அதன் பிறகு ஏழு வருஷம் அந்த நோட்டில் ஒரு வரி ஏறவில்லை. ஏழு வருஷம்! செண்பகவல்லி மட்டுமில்லை, ஆறு பேரில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. காலை எட்டு மணிக்கு நோட்டைத் திறந்து வைப்பேன். எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். "இன்று யாராவது?" என்பேன். ஒருவரும் வரமாட்டார்கள். மூடி வைப்பேன். நான் ரிட்டையர் ஆன அன்றைக்குப் பெரிய டாக்டர் அந்த நோட்டை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கைதட்டல் நிற்கவில்லை. செண்பகவல்லி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நோட்டை என்னோடு கொண்டுவந்துவிட்டேன். பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. அப்புறம் காட்டுகிறேன்.

எனக்குப் பிறகு யார் என்று கேட்டார்கள். சீனியர் இரண்டு பேர் இருந்தார்கள். நான் செண்பகவல்லி என்றேன். முப்பத்திரண்டு வயதில் லேபுக்குத் தலைவி. அந்த இரண்டு பேருக்கும் என் மேல் மனத்தாங்கல், இன்றுவரை பேச்சில்லை. போகட்டும். ஏழு வருஷம் தவறே செய்யாதவளுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

மூன்று மாதம் கழித்து ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஆஸ்பத்திரிக் கொடிமர வாசலில் இறங்கும்போதே சிரிப்புச் சத்தம். என் லேபிலிருந்து! உள்ளே போனால், டீ குடிக்கிற மேசையில் புதுத் தவறு நோட்டு திறந்து கிடக்கிறது. மேலே வடை. வடை, பிள்ளை! எண்ணெய் ஊறிய பேப்பரோடு. ஜேம்ஸ், அந்த ஆறு பேரில் ஒருவன், நின்றுகொண்டு வாசிக்கிறான், லேபிளைத் தன் சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டு அதை அரை மணி நேரம் தேடிய கதையை. மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இவள், தலைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நோட்டைப் புரட்டினேன். இருபத்து மூன்று பக்கம். மூன்று மாதத்தில் இருபத்து மூன்று பக்கத் தவறு! ஒரு பக்கத்தையும் நான் படிக்கவில்லை, படிக்க மனம் வரவில்லை. கையில் பேனா இருந்தது. மூடியைப் போட்டேன். "என் லேபைச் சந்தைக்கடை ஆக்கிவிட்டாய்" என்றேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "டீ சாப்ட்டுட்டுப் போங்க மேடம்" என்றாள்.

வந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த வாசல்படி ஏறவில்லை. அவளும் இந்த வீட்டுக்கு வரவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்களில் ஒருத்தியை அனுப்பிவிடுகிறாள். அதிலும் பார், எப்போதும் புதிதாகச் சேர்ந்தவளைத்தான் அனுப்புகிறாள். அனுபவசாலி ஒருத்தி வந்ததில்லை. எனக்கு இது போதும் என்று நினைக்கிறாளோ என்னவோ.

என்ன? "பாக்கியம் மேடம் கையில குத்திட்டு வந்தா, இனி எந்தக் கையிலயும் குத்தலாம்"னு சொல்லித்தான் அனுப்புவாளா? அவளா சொன்னாள்? அப்படியா சொல்கிறாள்.

எனக்குத் தெரியாது இதெல்லாம். எனக்கு வருவது ரிப்போர்ட் மட்டும்தான். அடியில் 'சரிபார்த்தது' என்று போட்டு அவள் கையெழுத்து இருக்கும். செ. செண்பகவல்லி. கடைசி எழுத்து ஒரு வால் நீட்டிக்கொண்டு போகும். எழுபது ரிப்போர்ட் வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக்குத் தபால் என்று வருவது அதுதான். சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று கடைசியில்தான் பார்ப்பேன்.

இதோ, வெள்ளிக்கிழமைக்கு நான் எழுதி வைத்திருக்கிறேன் பார், நாலு பக்கம். அழைத்தால் பேச வேண்டுமே. அழைக்காமல் எப்படி இருப்பார்கள்? சேலைகூட இஸ்திரி போட்டு வந்துவிட்டது. முதல் வரியைக் கேள்: "ஏழு ஆண்டுகள் ஒரு பிழையும் நேராத ஒரு பரிசோதனைக்கூடம் இந்த ஊரில் இருந்தது." எப்படி? 'இருந்தது' என்று முடித்திருக்கிறேன். புரிகிறவளுக்குப் புரியும்.

ஏன் தலையைக் குனிந்துகொள்கிறாய்? நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா?

சொல். என்னிடம் தாராளமாகச் சொல்லலாம்.

என்ன?

புது நோட்டை உன்னையும் படிக்கச் சொன்னாளா? சேர்ந்த அன்றைக்கா? ஆமாம், அது என் ஏற்பாடுதான். சரி, அதில் என்ன?

பழைய தேதியா?

எவ்வளவு பழையது? இரண்டாயிரத்து ஒன்றா? இல்லை பிள்ளை, நீ தப்பாகப் பார்த்திருப்பாய். புது நோட்டு தொடங்கியதே இரண்டாயிரத்து ஏழில். நான் ரிட்டையர் ஆன பிறகு. முதல் இருபத்து மூன்று பக்கமும் ஒன்றிலிருந்து ஏழு வரையா? ஆறு பேர் கையெழுத்திலும் இருக்கிறதா? எல்லாரும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதினார்களா?

ஜேம்ஸ், அந்தச் சட்டைக் கை லேபிள். அது எந்த வருஷம்? மூன்றா. அப்போது நான் அங்கேதான் இருந்தேன். அவனுக்கு எதிர் மேசையில்.

இரு. கொஞ்சம் இரு.

முதல் பக்கத்தில் யார்? அவளா. என்ன எழுதியிருக்கிறாள்? நினைவிருக்கிற மட்டும் சொல்.

மெஷினில் டியூப் உடைந்துவிட்டது. ம். அதைச் சொல்லாமல், அந்த டியூபுக்குரிய நோயாளி அம்மாளுக்கு முந்தின நாள் வந்த எண்ணையே எழுதி ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள். செண்பகவல்லியா? சாயந்திரம் வார்டுக்குப் போய், வேறு ஏதோ டெஸ்ட் என்று பொய் சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாளாம். நல்லவேளை. பொய் சொல்லித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இருபது அடி தூரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "டியூப் உடைந்துவிட்டது" என்று இரண்டு வார்த்தை. தினமும் உடைகிற டியூப்தானே.

'ஏன்' என்று ஒரு கட்டமா? என் நோட்டில் அது கிடையாது. என்ன நடந்தது என்று ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாள்?

பரவாயில்லை, சொல். அவள் எழுதியதைத்தானே சொல்கிறாய். நீயா எழுதினாய்?

'மறுபடியும் தனியாகச் சாப்பிட முடியாது என்று.'

அப்படியா எழுதியிருக்கிறாள். 'தனியாகச் சாப்பிட முடியாது என்று.'

ஜன்னலைக் கொஞ்சம் திற, அபிநயா. காற்று வரட்டும்.

நான் அந்தக் கதவைச் சத்தம் கேட்காமல்தான் சாத்தினேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாத்தும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாளா இல்லையா, அது நினைவில்லை. பார்த்திருப்பாள். கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள்தானே.

இட்லி ஆறிப்போயிருக்கும்.

நீ ஏன் அழுகிறாய்? அவள் எழுதியதைச் சொன்னாய், அது உன் குற்றமில்லை. எனக்கு ஒன்றுமில்லை. கண்ணைத் துடை.

வேறு ஒன்றா? என்ன வேறு ஒன்று?

கவர் இருந்ததா?

எனக்கா? செண்பகவல்லி தன் கையால் என் பெயர் எழுதிக் கொடுத்தாளா? "பத்திரமா மேடம் கையிலயே கொடு"ன்னு சொல்லியா? எங்கே அது? டீ மேசையிலா? டீ மேசை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா!

நீ வந்ததும் கேட்டேனே. முதல் கேள்வியே அதுதானே. ஏன் இல்லை என்றாய்? சொல், ஏன்? கட்டம் போட்டுத்தான் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

நான் பேசாமல் இருந்துவிடுவேன் என்றா?

என்னை இன்றைக்குத்தான் பார்க்கிறாய். ஏழு மணிக்கு உள்ளே வந்தவள். யார் சொன்னது உனக்கு? யாரும் சொல்லவில்லையா. பார்த்தாலே தெரிகிறதா.

இந்தா பார். என் கையைப் பார். உன்னைக் கேட்டுக்கொண்டே மூடியைத் தேடி எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கை எடுத்திருக்கிறது. பேனாவுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது. நீயும் அதைத்தானே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

இதை வாங்கு. ஆமாம், மூடியைத்தான். உன் பையில் போட்டுக்கொள். கேட்டாலும் தராதே.

நிமிர்ந்து நில். எனக்குப் பழக்கமில்லை, எப்படி வரும் என்று தெரியாது. நில்.

ஏட்டி! மண்டைல மூளை வச்சிருக்கியா, பஞ்சு வச்சிருக்கியா? அத்தாத்தண்டி கவர மேசையில போட்டுட்டு வந்துட்டு, வாயக் கூசாம இல்லங்கியே! ரெண்டு மணி நேரமா நானும் ஒருத்தி கவர் வருமா கவர் வருமான்னு வாசலப் பாத்துட்டு இருக்கேன், நீ பையத் திறந்து திறந்து மூடிட்டு இருக்க! கூறுகெட்ட மூதி! டியூப்ல பேரு எழுதத் தெரியுது, ஒரு கவரத் தூக்கத் தெரியலயோ? ஒன்னயப் பெத்தாளா, வாங்கினாளா?

அம்மாடி. மூச்சு வாங்குகிறது.

சிரிக்கிறாயா? திட்டினால் சிரிக்கிறாய். எங்கள் அம்மா இப்படித்தான் திட்டுவாள், இதே வார்த்தைகள். அறுபது வருஷமாக எங்கே கிடந்தனவோ. எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டது பார்.

இல்லை, ஸ்கூட்டரில் போய் இப்போதே எடுத்துவர வேண்டாம். கவர் அங்கேயே இருக்கட்டும், வடைக்கு அடியில். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை. இந்த நாலு பக்கத்தை என்ன செய்வதென்று யோசிக்க வேண்டும். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. பீரோவில் இருக்கிற நோட்டையும் கொண்டுவருவேன். அதில் பாதிக்கு மேல் வெள்ளைப் பக்கம், நல்ல கனமான தாள். எனக்கு எழுத ஒன்று இருக்கிறது. கதவு சாத்திய விஷயம். எல்லார் முன்னாலும் நின்றுதான் எழுத வேண்டும், அது என் ஏற்பாடு.

தட்டை எடு. அந்த அலமாரியில் இருக்கிறது. ஒன்றில்லை, இரண்டு எடு. டியூட்டியில் சாப்பிடக்கூடாதென்று யார் சொன்னது? அந்த ஆடுகிற நாற்காலிக்கு அடியில் ஒரு அட்டையை மடித்து வை, நிற்கும். மிளகாய்ப்பொடி வேண்டுமா, சட்னி போதுமா?

லேபுக்குப் போனதும் அவளிடம் சொல். இன்றைக்கு மேடம் என்னைத் திட்டினார்கள் என்று சொல். சத்தமாகத் திட்டினார்கள், தெருவுக்கே கேட்டது என்று சொல். என்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று கேட்பாள். ஒன்று விடாமல் சொல்.

மணி என்ன? ஒன்பது பத்தா. முதல் வாய் வைக்கிறேன். எழுதிக்கொள்.